மருந்து பறிப்பவர்

நார்த்தாமலையைப் பற்றிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கதை வழங்கிவருகிறது. போர்க்களத்தில் விழுந்து கிடந்தவர்களை எழுப்ப அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது உதிர்ந்த துண்டுகளே மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை முதலான இந்தக் குன்றுகள்; அரிய மூலிகைகள் இங்கே விளைவதற்கு அதுவே காரணம் என்பார்கள். தமிழ்நாட்டில் வேறு பல மலைகளும் இதே பெருமையைச் சொல்லிக்கொள்கின்றன. அனுமன் வழிநெடுகச் சிந்திக்கொண்டே போயிருக்க வேண்டும். கதையில் நாம் கவனிக்காமல் விடுகிற இடம் ஒன்று உண்டு. அவர் மலையை ஏன் தூக்கினார்? வேண்டியவை நான்கு மூலிகைகள். அவற்றின் பெயர்களையும் அவை இருக்கும் இடத்தையும் சாம்பவான் சொல்லித்தான் அனுப்பினார். போன இடத்தில் மூலிகைகள் தம்மை மறைத்துக்கொண்டன என்று ஓரிடத்தில் வருகிறது. அனுமனுக்கு அடையாளம் பிடிபடவில்லை என்று இன்னோரிடத்தில் வருகிறது. எப்படியானாலும் பெயர் கையில் இருந்தது, இடம் தெரிந்திருந்தது, செடி மட்டும் தெரியவில்லை. மலையைப் பெயர்க்கும் வலிமை அவரிடம் இருந்ததால் சிக்கல் தீர்ந்தது.

மூலிகை மருத்துவம் பற்றி நம்மிடையே நடக்கும் விவாதம் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. பச்சிலையால் தீராத நோயில்லை என்பது ஒரு கட்சி. ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்கப்படாத எதுவும் மூடநம்பிக்கை என்பது மறு கட்சி. இருவரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: இந்தச் செடி இந்த நோயைத் தீர்க்குமா? நான் இன்று சொல்ல வந்தது, அந்தக் கேள்வியை நாம் அவசரப்பட்டுக் கேட்கிறோம் என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு. எந்தச் செடி? எங்கே வளர்ந்தது, எப்போது யார் பறித்தார், எந்த உறுப்பை எடுத்தார்? இவற்றுக்கு விடை இல்லாதபோது பலித்தது என்று சொல்வதற்கும் பலிக்கவில்லை என்று சொல்வதற்கும் பொருள் கிடையாது. மருந்துச் சங்கிலியில் முதல் கண்ணி, செடியை இனம்கண்டு பறிக்கும் ஆள். அந்தக் கண்ணி அறுந்துகொண்டிருக்கிறது. மருத்துவருக்குப் பட்டம் இருக்கிறது, மருந்துக் கூடத்துக்கு உரிமம் இருக்கிறது, கடைக்குப் பலகை இருக்கிறது. பறிப்பவருக்கு ஒன்றும் இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. கோயிலோடு சேர்ந்த கல்விச்சாலைக்கும் 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனைக்கும் ஆன செலவுகளை அது வரிசையாகச் சொல்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர் என்று பணியாளர் பட்டியல் நீளுகிறது. ஓராண்டுக்கு இருப்பில் வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் வருகின்றன. வாசாஹரிதகி என்றால் ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்தது. தசமூலஹரிதகி என்றால் பத்து வேர்களோடு கடுக்காய். பணியாளர்களுக்கு நடுவே, மருந்துக்கு வேண்டிய பச்சிலைகளைக் கொண்டுவரவும் விறகு இடவும் என்று இரண்டு பேர் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். பச்சிலை கொண்டுவருவது மருத்துவர் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளும் வேலையாக அங்கே கருதப்படவில்லை. அது தனிப் பதவி, அதற்குத் தனி ஊதியம். அந்த ஊதியம் எவ்வளவு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இன்று அந்தப் பதவி சந்தைக்குள் கரைந்துபோய்விட்டது. இந்திய மூலிகை வணிகத்தை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த தேசிய மதிப்பீடு ஒன்று, விற்பனையில் இருக்கும் தாவர இனங்கள் 1,178 என்றும், அவற்றில் 242 இனங்கள் ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல் கைமாறுகின்றன என்றும் கணக்கிட்டது. இவற்றில் பெரும்பகுதி பயிரிடப்படுவதில்லை. காட்டிலும் கரம்பிலும் வரப்பிலும் பறித்து மூட்டை கட்டப்படுகிறது. பறித்தவருக்கும் குடிப்பவருக்கும் இடையே நான்கைந்து கைகள், சில நூறு மைல்கள். இங்கே ஒரு மறுப்பு வரும். நம் முன்னோர்கள் லத்தீன் பெயர்கள் இல்லாமல்தானே வைத்தியம் பார்த்தார்கள், அப்போது குழப்பம் வரவில்லையே என்பார்கள். வராததற்குக் காரணம் இருந்தது. வைத்தியர், பறிப்பவர், நோயாளி மூவரும் பத்து மைல் வட்டத்துக்குள் வாழ்ந்தார்கள். ஊர்ப் பெயர் அந்த வட்டத்துக்குள் மிகத் துல்லியமான பெயர். மூட்டை அந்த வட்டத்தைத் தாண்டியதும் அதே பெயர் ஏமாற்றத் தொடங்குகிறது. நிலவேம்புக் குடிநீரில் சேரும் ஒன்பது சரக்குகளில் பற்படாகமும் ஒன்று. தமிழ்நாட்டில் அந்தப் பெயருக்கு உரியது மணற்பாங்கான நிலத்தில் தரையோடு மெல்லிய தண்டுகளாகக் கிளம்பும் ஒரு சிறு செடி. கேரளத்தில் அதே பெயருக்கு வேறு குடும்பத்துச் செடியை எடுப்பார்கள். வடநாட்டில் பர்ப்படம் என்று கேட்டால் மூன்றாவதாக ஒன்று கிடைக்கும். பிரமி என்றால் கேரளத்தில் நீர்ப்பிரமி, வடக்கே பல இடங்களில் நம் வல்லாரை. எழுதிய சீட்டு ஒன்றுதான். போய்ச் சேர்கிற மருந்து கடைக்குக் கடை மாறும். 2021இல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் குடித்தவர்கள் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு கண்டதாக எழுதினார்கள். அது உண்மையான சீந்திலாக இல்லாமல் அதைப்போன்ற வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் பதில் சொன்னது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். உயிர் தொடர்பான ஒரு வாதம், எந்தக் கொடி என்ற கேள்வியில் வந்து நின்றதைப் பாருங்கள்.

என் வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று கீழாநெல்லி. இந்த மாவட்டத்தில் மழை பெய்து நான்கு நாள் ஆனால் வரப்பெல்லாம் முளைத்துவிடுகிற செடி. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடிப்பது தமிழ்நாட்டில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் அறிஞர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் இந்த வழக்கத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அவர்களோடு சேர்ந்தார். வைரஸை உடலில் நிரந்தரமாகத் தாங்கியிருப்பவர்களில் ஒரு சாராருக்கு உலர்ந்த கீழாநெல்லிப் பொடியை 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை 30 நாள் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்றுப் பொடி. 1988இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்றுப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. கிராமத்து அரைப்புக்கல்லில் இருந்து உலகத்தின் முதன்மை மருத்துவ இதழுக்குப் போன பயணம் அது. இரண்டாண்டுக்குள் தாய்லாந்திலிருந்து மறுப்பு வந்தது. 1994இல் நியூசிலாந்திலிருந்தும் வந்தது. அங்கெல்லாம் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பின்னர் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் உறுதியான நன்மையைக் காணவில்லை.

இங்கே இரண்டு கட்சியும் தத்தம் தீர்ப்பை எழுதிவிட்டுப் போய்விட்டன. ஒரு பக்கம் லான்செட்டே ஒப்புக்கொண்டது என்று இன்றும் விளம்பரம் வருகிறது. மறுபக்கம் கீழாநெல்லி தோற்றுவிட்டது என்று கோப்பை மூடினார்கள். நடுவில் கிடக்கும் செய்தியை இருவரும் கண்டுகொள்ளவில்லை. நம் தாவர நூல்கள் நெடுங்காலம் கீழாநெல்லியைப் பைலாந்தஸ் நிரூரி என்றே எழுதிவந்தன. அந்தப் பெயருக்கு உரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் அந்தப் பெயரால் குறித்துவந்தது உண்மையில் அமாரஸ், பிரட்டெர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று தனி இனங்களை என்று தாவரவியலாளர்கள் மித்ராவும் ஜெயினும் 1985இல்தான் பிரித்துக் காட்டினார்கள். சென்னை ஆய்வு வெளிவருவதற்கு மூன்றே ஆண்டுகள் முன்பு. மூன்றும் இலைக்கடியில் காய் தொங்கும் சிறு செடிகள். மூட்டையில் உலர்ந்து கிடந்தால் பழகிய கண்ணும் தடுமாறும். அப்படியானால் அதற்கு முன் கீழாநெல்லி என்று எழுதப்பட்ட ஆய்வுகளில் எது எந்தச் செடி? அடையாளத்துக்கு ஒரு மாதிரிக் கிளையை அழுத்தி உலர்த்தி வைத்திருந்தால் இன்றும் எடுத்துப் பார்க்கலாம். வைக்காதவை வெறும் பெயர்கள்தான். செடி விளையும் மண்ணும் பறிக்கும் பருவமும் பலனை மாற்றும் என்று சென்னைக் குழுவினர் பிற்பாடு வாதிட்டார்கள். அதைச் சாக்கு என்று தள்ளுவது எளிது. ஆனால் ஊர்ப் பறிப்பவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்ததும் அதுதான்: எல்லா வரப்பிலும் ஒரே மருந்து விளையாது. அந்தச் சொல்லைச் சோதிக்க வழி ஒன்றே ஒன்று. இடமும் நாளும் இனமும் குறித்த செடிகளை வைத்து ஆய்வைத் திரும்பச் செய்ய வேண்டும். அப்படிச் செய்தும் பலன் இல்லையென்றால் தோல்வியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான் கீழாநெல்லிக்கு வக்காலத்து வாங்கவில்லை. இன்றைய நிலையில் ஹெபடைடிஸ் பி உள்ளவர் அதை நம்பி மருத்துவமனையைத் தவிர்ப்பது தவறு; அந்த நோய்க்குத் தடுப்பூசியும் வைரஸை அடக்கும் மாத்திரைகளும் இருக்கின்றன.

அடுத்த மறுப்பு வலுவானது. தலைமுறை தலைமுறையாக மக்கள் குடித்துக் குணமாகியிருக்கிறார்களே, அதைவிடப் பெரிய ஆய்வு என்ன வேண்டும் என்பது. இதை ஏளனமாகத் தள்ளுவது முறையல்ல, அனுபவம் சான்றுதான். ஆனால் அது எதற்குச் சான்று என்று பார்க்க வேண்டும். நம் ஊர்களில் காணும் மஞ்சள் காமாலையில் பெரும்பங்கு அசுத்தமான நீரால் வருவது. நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்கு அது சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். ஹெபடைடிஸ் பி தொற்றும்கூட, வயது வந்த பிறகு வந்தால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தானே விலகிவிடுகிறது. டெங்குவில் இரத்தத் தட்டுகள் இறங்கி, காய்ச்சல் விட்டபின் சில நாளில் பெரும்பாலோருக்குத் தாமாகவே ஏறுகின்றன. 2012 முதல் தமிழ்நாட்டில் நிலவேம்புக் குடிநீர் பரவலாகக் கொடுக்கப்பட்டபோது தட்டுகள் ஏறியதையே பலரும் சான்றாகக் காட்டினார்கள். 2017இல் இது பெரிய சர்ச்சையும் ஆனது. தானே தீரும் நோயில் எந்த மருந்துக்கும் நல்ல பெயர் கிடைக்கும். கசாயம் குடித்த பத்துப் பேர் எழுந்தார்கள் என்றால், குடிக்காத பத்துப் பேரில் எத்தனை பேர் எழுந்தார்கள் என்று கேட்பது நாட்டு வைத்தியத்தின் மேல் உள்ள வன்மத்தால் அன்று. ஆங்கில மருந்துகளிடமும் கேட்கப்படும் அதே கேள்விதான்.

அனுபவம் எதைக் காணாது என்பதற்கு ஆடுதின்னாப்பாளை கடுமையான எடுத்துக்காட்டு. கரிசல் பக்கத்துத் தரிசுகளில் படரும் கொடி. பெயரே சொல்வதுபோல ஆடுகூட வாய் வைக்காது. குடற்புழுவுக்கும் கடிவிஷத்துக்கும் நெடுநாளாகப் பயன்பட்டது. அதன் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற நச்சு உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸெல்ஸ் நகரில், உடல் இளைப்பதற்காக ஒரு மருத்துவக் கூடத்தில் சீன மூலிகை கலந்த மாத்திரை உண்ட பெண்கள் பலருக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூறைத் தாண்டினார்கள். பிறகு அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணத்தைத் தேடிப் போனபோது கிடைத்தது ஒரு பெயர்க் குழப்பம். சீனத்தில் ஃபாங்ஜி என்று முடியும் பெயர் இரண்டு செடிகளுக்கு உண்டு. ஒன்று ஸ்டெபானியா, மற்றது அரிஸ்டோலோகியா. முதலாவதைக் கேட்டவர்களுக்கு இரண்டாவது போய்ச் சேர்ந்திருந்தது. எந்தச் செடி என்று முதலில் கேட்க வேண்டும் என்ற என் வாதத்தின் முதல் பாதிக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அனுபவத்துக்கும் எல்லை உண்டு என்ற இரண்டாம் பாதிக்கும் இதுவே சான்று. இந்த நச்சு உண்ட மறுநாள் வேலை காட்டுவதில்லை. மாதங்கள், சமயத்தில் ஆண்டுகள் கழிந்தபின் சிறுநீரகம் சுருங்கும். புற்று இன்னும் பிந்தி வரும். உண்டவுடன் வாந்தியெடுக்க வைக்கும் நஞ்சை மரபு உடனே இனம்கண்டுவிடும். செங்காந்தள் கிழங்கையும் சேராங்கொட்டையையும் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று சித்த மருத்துவம் வகுத்ததும், சுக்கின் மேல்தோலையும் கடுக்காயின் கொட்டையையும் நீக்கச் சொன்னதும் அப்படிக் கற்றவைதான். பத்தாண்டு கழித்துக் கொல்வதை எந்தப் பாட்டியின் கைப்பக்குவமும் கண்டுபிடிக்க முடியாது. அது பாட்டியின் குறை அல்ல. ஆயிரக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரிகிற விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இன்று இந்த அமிலத்தை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்பட்ட பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு உண்டு. இவ்வளவு குழப்பம் எதற்கு, செடியிலிருந்து வேலை செய்யும் பொருளைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கிவிட்டால் செடியையும் பறிப்பவரையும் மறந்துவிடலாமே என்பார்கள். இதற்கு ஆதரவாக நித்தியகல்யாணியைக் காட்டலாம். மடகாஸ்கரிலிருந்து வந்து நம் சுடுகாட்டு ஓரங்களில் பூத்துக்கிடக்கும் அந்தச் செடியை, நீரிழிவுக்கு நாட்டு மருந்து என்று கேள்விப்பட்டுக் கனடா ஆய்வாளர்கள் நோபிளும் பீரும் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணுக்கள் குறைந்தன. அந்த எதிர்பாராத குறிப்பிலிருந்து 1958இல் வின்பிளாஸ்டின் வந்தது, அதைத் தொடர்ந்து வின்கிரிஸ்டின் வந்தது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு உலகம் முழுவதும் கொடுக்கப்படும் மருந்து அது. புதுக்கோட்டையில் பிறந்து அடையாற்றில் புற்றுநோய் நிலையம் கண்ட முத்துலட்சுமி ரெட்டி அந்த நிலையத்தைத் தொடங்கிய 1954இல் இந்த மருந்து உலகத்தில் எங்கும் கிடையாது. நாட்டு வழக்கு சொன்ன நோய்க்கு அது உதவவில்லை. சொல்லாத நோய்க்கு உதவியது. மரபை அப்படியே ஏற்றிருந்தாலும் இந்த மருந்து கிடைத்திருக்காது, அப்படியே தள்ளியிருந்தாலும் கிடைத்திருக்காது. சரி, பறிப்பவரை மறக்க முடிந்ததா? ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ உலர் இலை வேண்டும். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் அதற்காகவே நித்தியகல்யாணி பயிராகிறது. சர்ப்பகந்தாவின் கதை இன்னும் பொருந்தும். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் அதன் வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை 1949இல் எழுதினார்; 1952இல் சுவிட்சர்லாந்தில் ரிசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். உடனே காடுகளில் வேர் தோண்டல் வெறியாகி, கடைசியில் ஏற்றுமதிக்கே பன்னாட்டுக் கட்டுப்பாடு வந்தது. கிடைக்காதபோது, அமெரிக்காவிலிருந்து வந்து நம் வேலிகளில் பரவிய இன்னோர் இனத்தின் வேர் அதே பெயரில் மூட்டையேறியது. மாத்திரையின் பின்னாலும் மண்வெட்டி பிடித்த ஒருவர் நிற்கிறார். தவிர, நம் குடிநீர்களும் சூரணங்களும் ஒற்றைப் பொருளால் வேலை செய்பவை என்று முன்கூட்டியே முடிவுகட்ட வேண்டியதில்லை. கலவையைக் கலவையாகவே சோதிக்கலாம், அதற்கு முறைகள் உண்டு. கலவையில் விழுந்தது என்ன என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

வைத்தியர்கள் தரப்பு அச்சம் ஒன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். எழுதி வைத்தால் களவு போகும் என்பது. செடியின் பெயரை வெளியே சொன்னால் மருந்து பலிக்காது என்று சில வைத்தியர்கள் சொல்வதன் பின்னால் நம்பிக்கையோடு பிழைப்பும் இருக்கிறது. 1995இல் புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் காப்புரிமை பெற்றபோது அந்த அச்சம் மெய்யானது. அந்த உரிமையை 1997இல் ரத்து செய்ய வைத்தது எது? பழைய நூல்களிலும் இதழ்களிலும் இது எழுதப்பட்டிருக்கிறது என்று இந்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு எடுத்துவைத்த சான்றுகள்தான். வாய்மொழியாக மட்டும் இருந்திருந்தால் வழக்கு நின்றிருக்காது. பின்னர் அமைந்த மரபறிவு மின்னூலகத்தில் சித்த மருத்துவ நூல்களும் சேர்ந்தன. ஆகவே எழுத்து காப்பு. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2002இல் வந்த பல்லுயிர்ச் சட்டம் உள்ளூர் அறிவுக்குப் பங்கு தர வேண்டும் என்றது. 2023இல் வந்த திருத்தம், நூல்களில் தொகுக்கப்பட்டுவிட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்கு அளித்தது. எழுதாவிட்டால் களவு, எழுதிவிட்டால் பொதுச்சொத்து என்று வைத்தியர் கசந்துகொண்டால் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் பதில் பாதிப் பதில்தான். செய்முறையை எழுதுவதும் செடியை எழுதுவதும் வேறு வேறு வேலைகள். எந்த நோய்க்கு எதை எதோடு எந்த அனுபானத்தில் என்பது வைத்தியரின் உரிமை. அதை அவர் விரும்பினால் சொல்லலாம். இந்தக் காட்டில் இந்தச் செடி இருக்கிறது, ஊரில் அதற்கு இன்ன பெயர் என்பது ஊரின் உரிமை. இரண்டாவதை எழுத முதலாவதைப் பறிகொடுக்க வேண்டியதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இப்படிச் செடிகளை எழுதிவைப்பது ஏன் அவசரம் என்று கேட்கலாம். பெரிய மலைக்காடு இங்கே இல்லை. இருப்பவை முள்ளும் புதரும் மண்டிய மேட்டு நிலங்கள், கண்மாய்க் கரைகள், அவற்றுக்கு நடுவே ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் திட்டுத்திட்டாக நிற்கும் கோயில் காடுகள். காயா, வீரை, பாலை போன்ற, வறட்சியிலும் இலை உதிர்க்காத மரங்கள் நிறைந்த அரிய காட்டு வகை அது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் இந்தக் காடுகள் சிலவற்றில் மரம் மரமாக எண்ணியிருக்கிறார்கள். அய்யனாருக்கு அஞ்சி விறகொடிக்காமல் விட்டதால் நின்றவை. கீரமங்கலத்துக்கு அருகே குளமங்கலத்தில் பெரிய குதிரைச் சிலையோடு இருப்பவர் பெருங்காரையடி மிண்ட அய்யனார். சாமியின் பெயரிலேயே காரை மரம் நிற்கிறது. செடியின் பெயரை ஊர் மறக்காமலிருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எந்த ஆய்வகத்திலும் இல்லை. காட்டுக்கு வெளியே நிலைமை வேறு. புதர்க்காடாக இருந்த பெரும்பரப்பில் தைலமரம் நிற்கிறது. அதன் பெயரிலும் ஒரு வேடிக்கை. தைலம் நீலகிரியில் வளரும் வேறு இனத்தின் இலையில் இறக்குவது. இங்கே வரிசை வரிசையாக நிற்பது காகிதக் கூழுக்கு. பெயரில் மருந்து இருக்கிறது, அதன் அடியில் ஒரு பச்சிலை முளைப்பதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது தென்னைக்கு மரக் கணக்கில் நிவாரணம் வந்தது. தென்னையை எண்ண முடிந்தது, எல்லோருக்கும் அது தென்னை என்று தெரியும். ஒரு கோயில் காட்டில் விழுந்த கொடிகளையும் புதர்களையும் எண்ண வேண்டுமானால், முதல் நாளே அங்கே என்னென்ன நின்றன என்று யாராவது எழுதியிருக்க வேண்டும்.

எழுதுவதற்கான கருவியைச் சட்டமே தந்திருக்கிறது. ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும் என்பது பல்லுயிர்ச் சட்டத்தின் விதி. இந்த மாவட்டத்தில் நானூறுக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள். பதிவேடு வெறும் படிவமாக நிரப்பப்பட்டால் அதில் கீழாநெல்லி என்ற சொல் இருக்கும், செடி இருக்காது. நான் கேட்பது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் உலர்ந்த கிளை: பூவும் காயும் தெரிய, பறித்த இடமும் நாளும், ஊர்ப் பெயரும், பறித்தவர் சம்மதித்தால் அவர் பெயரும் எழுதி, ஒரு படி ஊரில், ஒரு படி தாவரத் தொகுப்பகத்தில். ஒரு மணி நேரத் தொலைவில், திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967 முதல் ராபினாட் தொகுப்பகம் இருக்கிறது. அங்கிருந்துதான் பாதிரியார் கே.எம். மேத்யூ கர்நாட்டிக் என்று வழங்கிய தமிழ்நாட்டுப் பகுதியின் தாவரங்களைப் பெருநூலாகத் தொகுத்தார். நாளிதழும் அழுத்தக் கல்லும் ஒட்டுக்காகிதமும் போதும். பள்ளி மாணவர்கள் ஒரு மழைக்காலத்தில் செய்துவிடலாம். மாணவர்களால் முடியாத ஒன்று, வரப்பில் நிற்கும் மூன்று கீழாநெல்லியில் எதை ஊர் மருந்துக்கு எடுக்கும், எதைத் தள்ளும், ஏன் தள்ளும் என்று சொல்வது. அதற்குப் பறிக்கிறவர்தான் வர வேண்டும். பெரும்பாலும் வயதானவர், அவர்களில் பலர் பெண்கள், நாள் கூலிக்குப் போகிறவர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து மாணவர்களோடு காட்டில் நடக்க அவர்களுக்கு யார் என்ன தருவது என்ற கேள்வி எழும். செலவுக் கணக்கில் முதலில் அடிபடுவதும் இந்தச் செலவுதான். திருமுக்கூடல் கல்வெட்டில் பாதியில் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த ஆதுலசாலையில் அறுவை செய்பவருக்கு ஆண்டுக்கு 30 கலம் நெல். பச்சிலை கொண்டுவரும் இரண்டு பேருக்கும் சேர்த்து 60 கலம் நெல், அதற்கு மேல் 2 காசு.